மூன்றாவது ஹெட்செட்

சவுண்டுக்காரரும் லைட்டுக்கார அக்காவும் கணவன் மனைவி என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. மேடைக்கு எதிரே அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததைப் பார்த்து நானே கண்டுபிடித்தேன்.

பேசினார்கள். ஹெட்செட்டில் மட்டும்.

பள்ளி இசை நாடகத்துக்கு நான் பொறுப்பாசிரியை. மூன்றாவது ஹெட்செட் என் தலையில். மேடையோரம் நின்று அடுத்த காட்சி எது என்று சொல்ல வேண்டும். எனக்கோ சொல்வதைவிட ஒட்டுக்கேட்பதில்தான் ஆர்வம்.

"ராணி வேஷப் பொண்ணு மைக் கத்துது, குறைங்க" என்பார் அக்கா. சவுண்டுக்காரர் குறைப்பார்.

கை நீட்டினால் தொடுகிற தூரம். ஹெட்செட் மூடுவதும் ஒரு காதைத்தான், இன்னொரு காது சும்மாதான் இருக்கிறது. இதை வயர் வழியாகச் சொல்வானேன்? ஹெட்செட்டைக் கழற்றினால் ஊமைப் படம்தான். டீயைக்கூட முழங்கையைத் தட்டித்தான் நீட்டினார் அக்கா.

என்ன சண்டையாக இருக்கும்? மாமியார் விவகாரமா? நாத்தனார் வந்து தங்கிவிட்டாளா? எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

அதுவும் இன்றைக்கா சண்டை போடுவார்கள்? ஒத்திகையைப் பார்த்துவிட்டு, வருடம் முழுக்கப் பள்ளி விழாக்களை இவர்களிடமே கொடுப்பதா என்று தலைமையாசிரியர் முடிவு செய்யப்போகிறார். இது கிடைத்தால் மூச்சுவிட்டுக்கொள்ளலாம் என்று வந்ததுமே அக்கா சொல்லியிருந்தார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. ராணியின் மைக் மறுபடி கீச்சிட்டபோது பிள்ளைகள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். சவுண்டுக்காரர் முகம் சுளிக்கவே இல்லை. என்ன நிதானம் என்று மெச்சிக்கொண்டேன்.

ராணி நிற்கும் இடத்தில் வெளிச்சம் விழவில்லை. அக்கா ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மேடைக்கு வந்து ஏணியில் ஏறினார்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் உள்ளே வந்தார். நேராகப் போய்ச் சவுண்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"கடைசி வரிசை வரைக்கும் கேக்குமா?"

அவருடைய குரலுக்கு மைக்கே வேண்டாம். மேடையில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சவுண்டுக்காரர் திரும்பவில்லை.

தலைமையாசிரியர் இன்னொரு முறை கேட்டார். முகம் சிவக்க ஆரம்பித்தது.

பெண்டாட்டியோடு சண்டை, சரி. இவரோடு என்ன சண்டை?

ஏணியைப் பார்த்தேன். விளக்கைப் பிடித்த கையை எடுக்காமல் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிக் கெஞ்சும் கண்களை நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சண்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முழுச் சத்தத்தில் வைத்த அந்த ஹெட்செட்டில் வந்தால்தான் சவுண்டுக்காரரின் காதுக்கு எதுவும் எட்டும். வெட்கமாக இருந்தது.

என் ஹெட்செட்டின் பேசும் பொத்தானை அழுத்தினேன்.

"அண்ணே, பின்னாடி ஹெச்.எம். நிக்கிறார். கடைசி வரிசை வரைக்கும் கேக்குமான்னு கேக்குறார்."

சவுண்டுக்காரரின் விரல்கள் ஒரு கணம் அப்படியே நின்றன. மேடையோரம் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து, திரும்பி, தலைமையாசிரியரைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாவே கேக்கும் சார்."