இனம் கேட்ட விலை

சாகாவரத்தின் விலை நாற்பது புள்ளி. வயிரவன் செய்த புதிய இனம் அதை முப்பத்தைந்துக்குப் பேசி முடித்திருந்தது. பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை விளையாட்டுகளுக்கு வேற்றுக்கிரக இனங்களைச் செய்து விற்பது அவர் தொழில். ஓர் இனத்துக்கு மொத்தம் நூறு புள்ளி. அதற்குள் சிறகோ செவுளோ வாங்கலாம். அந்த இனமே தன் குணப்பட்டியலுக்குச் சம்மதம் சொன்னால்தான் விற்க முடியும். நாலு மணி தாண்டினால் வாங்குகிறவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

அடுக்களையிலிருந்து மனைவி விசாலாட்சி மூன்றாம் முறை குரல் கொடுத்தாள். "ஏங்க, சோறு ஆறிப்போச்சு!"

"இதோ வந்துட்டேன்" என்றார், அசையாமல்.

"அது என்ன குணம்?" என்றது மேசைமேல் விரலளவில் நின்ற அந்தப் புதிய இனம்.

"எது?"

"நீங்க போகாட்டியும் திரும்பத் திரும்பக் கூப்பிடுறாங்களே, அது. சாகாவரத்தை நீங்களே வச்சுக்கங்க. எனக்கு அப்படி ஒரு ஆள் வேணும்."

வயிரவன் விலைப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். விஷக்கொடுக்குக்கு விலை இருந்தது, மூன்றாம் கண்ணுக்கும் இருந்தது. இதற்கு இல்லை. குழம்பிப்போய் அடுக்களைக்கே போனார்.

"ஏம்மா, நீ என்னைக் கூப்பிடுறதுக்கு என்ன விலை போடலாம்?"

"முப்பது வருஷமா இனாமா வாங்கிட்டு, இப்பத்தான் விலை கேக்குறீகளாக்கும்?"

தட்டின் முன் உட்கார்ந்தார். மணி நாலடித்தது. கை கழுவிவிட்டு வந்து பட்டியலில் எழுதினார்: சாகாவரம் திரும்ப வந்தது, முப்பத்தைந்து. கூப்பிட ஓர் ஆள், விலை தெரியவில்லை. என் பாக்கி, முப்பது வருஷம்.