தொட்டியில் விழுந்த லேப்டாப்

“இது செத்துட்டுன்னு மட்டும் சொல்லிராத தங்கச்சி. உள்ள இருக்க போட்டோ எல்லாத்தையும் நான் பாத்தாகணும்.”

துணிக்கடைப் பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தார் செல்லச்சாமி. வடகரைக்காரர். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசி கூலக்கடை பஜார் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஷெர்லினை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“எம்மக உமாராணியோடது. வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாறாங்கன்னேன். அவ வேண்டாங்கா. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டுக்கா. சரி, அந்த லேப்டாப்ப இங்க கொண்டான்னேன். கொண்டுபோயி தண்ணித் தொட்டிக்குள்ள போட்டுட்டா. கேட்டா, கை தவறிட்டாம்!”

“அடிப்பாவி! நல்லாத்தான் தவறுது கை.”

“ஒரு பய இருக்கான், அது நிச்சயம். எவன்னு மட்டும் தெரியட்டும். எந்தம்பி மக்க நாலு பேரு தயாரா நிக்கானுவ. கால ஒடிச்சிருவானுவ.”

“நல்லா ஒடிக்கச் சொல்லுங்க!” என்றாள் ஷெர்லின். ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “பொம்பளப் பிள்ளையச் சொல்லி என்ன செய்ய? அந்தப் பயலப் பெத்தவளச் சொல்லணும். ஒழுங்கா வளத்திருந்தா இப்படி அடுத்த வீட்டுப் பிள்ளை மனசக் கலைப்பானா?”

செல்லச்சாமிக்கு வயிறு குளிர்ந்தது. வீட்டில்கூட யாரும் அவர் பக்கம் இப்படிப் பேசவில்லை.

“ஆனா தண்ணிக்குள்ள கிடந்ததுல்லா? கிடைக்குமா?”

“லேப்டாப்தான் போயிட்டு. உள்ள டிஸ்க்குன்னு ஒண்ணு இருக்கு, போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கும். அதக் கழட்டி ஒரு கேஸ்ல போட்டு என் கம்ப்யூட்டர்ல மாட்டினா, பென் டிரைவ் கணக்கா தொறந்துரும்.”

“கேஸ் போடுததுதான நம்ம தொழிலு. போடு, போடு.”

டிஸ்க்கைக் கழற்றித் துடைத்தாள். பர்ஸ் அளவில் ஒரு கறுப்பு டப்பா. அதற்குள் டிஸ்க்கைச் செருகி மூடினாள். கேபிளைக் கையில் எடுத்த நேரம் பார்த்துத் தெருவில் ஹாரன் அலறியது.

“யாரு வண்டி இது? நடுரோட்டுல நிப்பாட்டிட்டுப் போயிருக்கான்!”

பாவூர்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றி வந்த டெம்போ. வழியை மறித்து நின்றது செல்லச்சாமியின் ஸ்கூட்டர். சர்வீஸில் இருந்தவரை விசாரணைக்கு வந்த ஆளைத் தனியே விட்டு ஒரு டீ குடிக்கக்கூட நகராதவர், இப்போது எழுந்து ஓடினார். ஓடினவர் சும்மா எடுத்துவிட்டு வந்தாரா என்றால் அதுவும் இல்லை. டிரைவரிடம், “நான் யாருன்னு தெரியுமாலே?” என்று ஆரம்பித்தார். “யாரா இருந்தாலும் வண்டிய எடும்” என்றான் அவன். சாரல் வேறு பிடித்துக்கொண்டது. ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. மருந்துக்கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, முகத்தைத் துடைத்தபடி திரும்பி வந்தார்.

“தொறந்துதா? யாரு அந்தப் பய?”

ஷெர்லின் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். “லைட்டே எரியல அண்ணாச்சி. டிஸ்க்குக்குள்ளயும் தண்ணி ஏறிட்டு.”

“ஒண்ணுகூடவா கிடைக்காது?”

“ஒண்ணும் கிடைக்காது. எங்கன கொண்டுபோனாலும் இதத்தான் சொல்லுவாங்க. வீணா அலையாதீங்க.”

செல்லச்சாமி ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பத்து வயது கூடினாற்போல் ஆகிவிட்டார்.

“எத்தனையோ களவாணிப் பயலுவள வாயத் தொறக்க வச்சிருக்கேன் தங்கச்சி. பெத்த பிள்ள எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டுக்காளே.”

கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை. ஷெர்லின் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். அவருக்குக் கொடுக்காமல் தானே பாதியைக் குடித்தாள். மீதியை நீட்டினாள்.

“நான் ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது. வெள்ளிக்கிழமை வாறவங்கள வர வேண்டாம்னுருங்க. பிள்ளைய அதட்டாம, பக்கத்துல உக்காந்து கேளுங்க. சொல்லிருவா. அந்தப் பையனும் நல்ல குடும்பத்துப் பையனா இருக்கலாம்லா?”

“இப்பதான கால ஒடிங்கன்னு சொன்ன?”

“அது ஏதோ ஒரு வேகத்துல சொன்னது. கால ஒடிச்சுட்டா பெறகு யாரு தூக்கிச் சுமக்க?”

செல்லச்சாமி பாட்டிலில் இருந்த மீதியைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்தார்.

“சரி. வர வேண்டாம்னு சொல்லிருதேன். அவகிட்டயே கேக்கேன். இந்த டிஸ்க்க என்ன செய்ய?”

“இங்கனயே கிடக்கட்டும், நானே உடைச்சுப் போட்டுருதேன். பொம்பளப் பிள்ளை சமாச்சாரம், வேற எவன் கையிலயும் சிக்கிரக் கூடாது.”

“கூடப் பொறந்தவ மாதிரி சொல்லுத தாயி” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒருவழியாக ஸ்டார்ட் ஆன ஸ்கூட்டரின் சத்தம் தெருமுனை தாண்டும்வரை ஷெர்லின் காத்திருந்தாள். பிறகு கேபிளை மறுபடியும் மாட்டினாள். கறுப்பு டப்பாவில் நீல விளக்கு பளிச்சென்று எரிந்தது. திரையில் படங்கள் வரிசையாக விரிந்தன. ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு செல்போனை எடுத்தாள்.

“ஏலே ஜெனோ, சீசனுக்கு லீவே கிடைக்கலன்னு பெத்தவ எங்கிட்டயே சொன்னியே, பின்ன ஐந்தருவியில உமாராணிக்குக் குடை பிடிச்சிக்கிட்டு நிக்கது யாருலே?”