பதினேழாம் பாத்தி

சொல்ல வேண்டிய பொய்யை அப்துல் அஜீஸ் வரும் வழியிலேயே மூன்று முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் பேரூராட்சி அலுவலகப் படியில் கால் வைத்ததும் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். வாசல் குழாயில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தை நாற்பது பாத்திகளாகப் பிரித்து, காய்கறி போட்டுக்கொள்ள நிலமில்லாத பெண்களுக்கு ஒதுக்கியிருந்தது அந்தப் பேரூராட்சி. யாருக்கு எந்தப் பாத்தி, அவள் கதவு எண் என்ன, போன் நம்பர் என்ன, ஆதார் என்ன என்பதெல்லாம் அலுவலக எழுத்தர் பவானியின் மேஜை மேலிருந்த நீளப் பதிவேட்டில் இருந்தது.

பவானி இளகிய மனசுக்காரி. வேர்த்து நின்றவரை உட்காரச் சொல்லி, மேஜை விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அஜீஸ் ஒப்பித்தார். பதினெட்டாம் பாத்தி தன் வீட்டுக்காரிக்கு ஒதுக்கியது. காலையில் குழாய் உடைந்து தண்ணீரெல்லாம் பக்கத்துப் பாத்தியில் தேங்கிவிட்டது, வெண்டைச்செடி அழுகிப்போகும். பதினேழாம் பாத்திக்கார ரெஹானாவிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், வீடுதான் தெரியவில்லை.

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். பதினேழுக்குக் கீழேயே பதினெட்டு. அதில் கருத்தம்மாள் என்று எழுதியிருந்தது எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அஜீஸுக்குத் தலைகீழாகவே தெரிந்தது. உங்கள் வீட்டுக்காரி பெயர் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவர் பொய்யின் சாயம் அங்கேயே வெளுத்துவிடும். கேட்பாள், இதோ கேட்பாள் என்று காத்திருந்தார்.

பவானி அதைக் கேட்கவில்லை. அவள் விரல் வேறொன்றில் நின்றது. ரெஹானா பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது.

"இந்தப் பிள்ள தன் விலாசத்த யாருக்கும் குடுக்க வேணாம்னு எழுதிக் குடுத்திருக்கு, பாய்."

அஜீஸ் சட்டென்று எழுந்தார். "எழுதிக் குடுத்திருந்தா விட்டுருங்க, தாயி. நான் வாறேன்."

அந்த மரியாதைதான் பவானியைக் கரைத்தது. அவரை மறுபடி உட்காரச் சொன்னாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்தப் பெண் புருஷனுக்குப் பயந்து ஊர்விட்டு ஊர் வந்து இருக்கிறாள் என்றாள். அவன் அடித்து ஒருமுறை இடது கை முறிந்துவிட்டதாம். இன்னமும் தேடிக்கொண்டு அலைகிறானாம். விண்ணப்பம் கொடுக்க வந்த அன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அழுதாள் என்றாள்.

அஜீஸ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அது அந்தப் பயலுக்காக எழுதினது. நீங்க பக்கத்துப் பாத்திக்காரக, பெரியவுக. உங்களுக்குச் சொல்றதுல என்ன இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே பவானி ஒரு துண்டுச்சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தாள். தெரு, கதவு எண், போன் நம்பர். வீடு மாடியில், படி பின்பக்கம் என்பதையும் மறக்காமல் எழுதினாள். பகலில் அவள் தனியாகத்தான் இருப்பாள், இப்போதே போனால் பார்த்துவிடலாம் என்று வாயாலும் சொன்னாள்.

சீட்டு கைக்கு வந்த பிறகும் அஜீஸ் நகரவில்லை.

"நான் யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே, தாயி."

பவானி சிரித்தாள். "உங்க முகத்தப் பாத்தாலே தெரியுதே, பாய்."

அவர் வெளியே வந்தார். நினைத்து வந்த காரியம் முடிந்தவர் முகத்தில் இருக்க வேண்டிய தெளிவு அவர் முகத்தில் இல்லை. சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த லாரிகளைச் சுற்றிக்கொண்டு நடந்தார். யாரிடமும் தெரு எது என்று கேட்கவில்லை. சீட்டைப் பிரித்தும் பார்க்கவில்லை. மூன்றாவது சந்தில் திரும்பி, ஒரு பச்சை வீட்டின் பின்பக்கம் போய்ப் படியேறினார்.

கதவைத் தட்டியதும் உள்ளே நடமாட்டம் நின்றுபோனது. பிறகு ஒவ்வொன்றாக மூன்று தாழ்ப்பாள்கள் விலகின.

ஒரு கையகலம் திறந்த கதவுக்குப் பின்னால் ரெஹானா நின்றாள். அவள் பார்வை முதலில் அவரைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனது. அங்கே வேறு யாரும் இல்லை. அதன் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார்.

அவள் வாங்கிப் பிரித்தாள். தன் பெயர், தன் தெரு, தன் போன் நம்பர், தன் வீட்டுப் பின்பக்கப் படி. கதவைப் பிடித்தபடியே மெல்லச் சரிந்து நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"யார் கேட்டாலும் தர மாட்டாகன்னு அடிச்சுச் சொன்னேனே, அத்தா."

அஜீஸ் குனிந்து மகளின் இடது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"அவன் போய்க் கேட்டாலும் இப்பிடித்தான் குடுப்பாக, கெளம்பு, மகளே."