மோர் வாசம்

அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்த நாச்சிமுத்துவை வாசலிலேயே நிறுத்தி, அவன் வாயை மோந்து பார்த்தாள் துளசிமணி.

"மோர் குடிச்சீங்களா?"

"சத்தியமா இல்ல புள்ள."

அவள் நம்பவில்லை. கறிக்கோழிகளின் குடலுக்கென்று, குஞ்சு தந்து வளர்க்கச் சொல்லும் கம்பெனி தரும் நல்ல கிருமி சொட்டுமருந்தைத் தவிர வேறெந்தக் கிருமியும் பண்ணைக்குள் நுழையக் கூடாது என்பது கம்பெனி விதி. அதனால் கோழி வளர்ப்பவர் வீட்டிலும் தயிர், மோர், புளித்த மாவு எதுவும் ஆகாது. மீறினால் அடுத்த முறை வளர்க்கக் குஞ்சு தர மாட்டார்கள். அவள் இட்லியைக் கண்ணால் பார்த்தே வெகுகாலமாகிறது. இந்த மனுசன் மட்டும் எங்கேயோ ருசி பார்த்துவிட்டு வருகிறான் என்றே அவளுக்குப் பட்டது.

மறுநாள் வந்த கம்பெனி சூப்பர்வைசர் கோழி எச்சத்தில் கிருமி காட்டும் கருவியை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"வெளிக் கிருமி வந்திருக்குதுங்க."

"எனக்கு அப்பவே தெரியும்!" என்று துளசிமணி புருஷனை முறைத்தாள்.

சூப்பர்வைசர் நாச்சிமுத்துவின் கையில் கருவியை வைத்தார். பச்சை. அவள் கையிலும் பச்சைதான். கடைசியாக, அவள் இடுப்பிலிருந்த குழந்தையின் உள்ளங்கையில் வைத்தார். சிவப்பு.

"தாய்ப்பால் குடுக்கறீங்களாம்மா? அதுலயும் கிருமி வருமுங்க. நிறுத்திட்டு எங்க சொட்டுமருந்தக் குடுங்க. குஞ்சுக்குக் குடுக்கற அதேதான், பயமில்ல."

"இல்லீங்க, புட்டிப்பால்தானுங்க குடுக்கறேன்," என்றாள் துளசிமணி அவசரமாக.

நாச்சிமுத்து குனிந்து குழந்தையின் வாயை மோந்து பார்த்தான்.

"தாய்ப்பால்தானுங்க," என்றான் சூப்பர்வைசரிடம்.