நீசான் மாத விண்ணப்பம்

"இந்த வருஷமும் அதே தப்புதானா ஐயா?" என்றாள் மாய் வாங், விண்ணப்பத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டி.

ஷிம்ஷோன் கோஷாபா டையைச் சரிசெய்துகொண்டார். எழுபத்தெட்டு வயதிலும் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காருகிறவர்.

மாய் வாங் நகர மன்றத்தின் எழுத்தர். ஆறு வருஷமாக அவருடைய மனுவை வாங்கி வைப்பவள் அவள்தான். மேற்காசியாவிலிருந்து வந்து குடியேறிய அசீரிய மக்களின் மரபைக் கொண்டாட, நகரம் ஒரு மாதத்தை அறிவிக்க வேண்டும் என்பது மனு. 'எந்த மாதம்' என்ற கட்டத்தில் ஆறு வருஷமும் அவர் எழுதியது, 'நீசான்'.

நீசான் அவர்களுடைய புத்தாண்டு பிறக்கும் மாதம், ஏறக்குறைய ஏப்ரல். ஆனால் அந்தக் கலிபோர்னிய நகரத்தின் பட்டியலில் ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் உண்டு. மனுவில் பிழை இருந்தால் மனுதாரர் மன்றத்தில் மூன்று நிமிடம் பேசலாம். ஆனால் மனுவை ஓட்டுக்கு விட முடியாது. அவரும் வருவார், பேசுவார், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

"ஏப்ரல்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா எப்பவோ கிடைச்சிருக்கும். தோப்புல ஒவ்வொரு பாதாம் மரத்துக்கும் நம்பர் போட்டு வெச்சிருக்கிற மனுஷன், இதுல மட்டும் எப்படிக் கோட்டை விடுறீங்க?"

"எங்க மாசத்துக்கு எங்க பேரு இருக்கும்மா."

"லாவோஸ் மலையிலேர்ந்து வந்த எங்க மோங் ஜனங்களுக்கு மாசமே இல்ல. பேரை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று சிரித்தவள், குரலைத் தாழ்த்தினாள். இந்த வருஷத்திலிருந்து சின்னப் பிழைகளை எழுத்தரே திருத்தலாம் என்று உத்தரவு வந்திருக்கிறதாம். நீசானை அடித்துவிட்டு ஏப்ரல் என்று அவளே எழுதிவிட்டாளாம். இன்றைக்கு ஓட்டுக்கு வருகிறதாம்.

அவர் முகம் கறுத்தது. "யாரைக் கேட்டுத் திருத்தின?"

நல்லது செய்தாலும் இந்த மனுஷனுக்கு வீறாப்பு என்று எண்ணிக்கொண்டு, மாய் வாங் கூட்ட அறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

அவர் வழக்கம்போல முதல் வரிசையில், தலைவரின் இருக்கைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். முதல் இரண்டு வருஷம் கூட வந்த சொந்தக்காரர்கள் சலித்துப்போய் நின்றுவிட்டார்கள். இப்போது தனி ஆள்தான். தலைவர் திருமதி ஒலிவேரா மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். போன வருஷம் அது இல்லை. போன வருஷம் இருந்த இருமல் இன்னும் விடவில்லை. எல்லாவற்றையும் ஷிம்ஷோன் ஒன்று விடாமல் கவனித்தார்.

"திரு. கோஷாபா, உங்களுக்கு மூணு நிமிஷம்," என்றார் தலைவர், தாளிலிருந்து தலை தூக்காமல்.

ஷிம்ஷோன் பேசத் தொடங்கியதுமே உறுப்பினர் டோனலி குறுக்கிட்டார். ஏப்ரல் ஏற்கெனவே அரபு மக்களின் மாதம். அதிலேயே இவர்களும் சேர்ந்துகொள்ளலாமே என்பது அவர் யோசனை.

"நாங்க அரபிங்க இல்ல. உங்க அயர்லாந்துக்காரங்களை இங்கிலாந்து மாசத்துல சேர்ந்து உக்காரச் சொன்னா, உக்காருவீங்களா?"

அறை சிரித்தது. டோனலியின் காது சிவந்தது.

தலைவர் பேனாவைத் திறந்தார். "இந்த ஊர்ல நாப்பது இனம் இருக்கு. வருஷத்துக்குப் பன்னெண்டு மாசம். எல்லாரும் ஆளுக்கொண்ணு கேட்டா, கடைசியில அதுக்கு என்னங்க மதிப்பு?"

ஷிம்ஷோன் அவரை நேராகப் பார்த்தார்.

"சாப்பாட்டு மேசையில ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாற்காலி இருக்கணும்," என்றார். "ஆள் வரலைன்னாலும் இருக்கணும். அந்த நாற்காலியை வேற யாருக்கும் இழுத்துப் போடக்கூடாது. நான் போட்டதில்ல."

எழுதிக்கொண்டிருந்த தலைவரின் பேனா நின்றது. இருமலை அடக்கத் தண்ணீர் குடித்தார்.

"மனு சரியா இருக்கு. ஓட்டுக்கு விடுறேன்."

மாதம் கிடைக்கப்போகிறது. இனி அடுத்த வருஷம் இந்த அறைக்கு வருவதற்கு ஷிம்ஷோனுக்கு ஒரு காரணமும் இல்லை. சுற்றிலும் பார்த்தார்: கொடி, கடிகாரம், பித்தளைப் பெயர்ப்பலகை. தோப்பை விற்றுவிட்டுக் கடைசியாக ஒரு தடவை நடந்து பார்ப்பவர் போல.

"அதுக்கு முன்னாடி ஒரு நிபந்தனை," என்றார் தலைவர். "இது ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். ஒவ்வொரு வருஷமும் மனுதாரரே நேர்ல வந்து, இங்க நின்னு, திரும்பக் கேட்டு வாங்கணும்."

மாய் வாங்குக்கே கோபம் வந்தது. வேறு எந்த இனத்துக்கும் இல்லாத சட்டம். வயசான மனுஷனை இப்படியா அலைய விடுவது என்று டோனலிகூட முணுமுணுத்தார். அந்த மனுஷனோ, "சம்மதம்," என்றார் உடனே.

ஐந்து கைகளும் உயர்ந்தன. வழக்கப்படி தலைவர் கீழே இறங்கி வந்து தீர்மான நகலை அவரிடம் நீட்டினார். நீட்டிய கை தாளை உடனே விடவில்லை.

"அடுத்த வருஷம் எழுத்தரைத் திருத்த விடாதீங்க," என்றார் தாழ்ந்த குரலில், அந்த அறையில் இரண்டே பேருக்குப் புரிந்த மொழியில். "நீசான்னே எழுதுங்க, அப்பா."

போர்த்துகீசிய மாட்டுப்பண்ணைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு ஒலிவேரா ஆனதற்காகப் பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு ஷிம்ஷோன் தன் வீட்டுக் கதவைச் சாத்தினாரே, அதன் பிறகு மகள் ரமினா அவரை அப்படிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.