பொம்பளை ஆட்டம்

"பெர்சி, டிவிய ஆஃப் பண்ணு! பொம்பளைங்க பந்து விளையாடுறதை எல்லாம் மனுசன் பாப்பானா?"

தேயிலை ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்த ஜின்சன் வாசலிலேயே கத்தினான்.

"பிரேசில் ஃபைனல் ஆடுது. உங்க டீம்தானேங்க?" என்றாள் மனைவி.

"என் டீம் ஆம்பளை டீம். அதுல தீப்பொறி பறக்கும். இவளுக கொழுந்து எடுக்கப் போற மாதிரி அசைஞ்சு அசைஞ்சு ஓடுறாளுக."

"கொழுந்துக்கூடையோட இந்த மேட்டுல ஒரு நாள் ஏறிப் பாருங்க, தெரியும். தோளு உரசினதுக்குக் காலைப் பிடிச்சுக்கிட்டு உருளுவாகளே, அதுதான் உங்க தீப்பொறியா?"

"உன்கிட்டப் பேச முடியாது. நான் கிளப்புக்குக் கேரம் ஆடப் போறேன்."

மறுநாள் காலையில் ஜின்சன் மூக்கு வரை மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பள்ளிவாசல் எஸ்டேட் குளிருக்கு அது சகஜம்தான். ஆனால் டீயை நீட்டிய பிறகும் அவன் அதை அவிழ்க்கவில்லை.

"மப்ளரோடவா குடிப்பீக?" என்று பெர்சி அதைச் சட்டென்று இழுத்தாள்.

பாதி மீசையைக் காணோம்.

"கேரம்ல தோத்துட்டேன். ஒரு வாரம் இப்படியே திரியணும்னு பந்தயம்," என்று முனகினான்.

"நம்ம லயத்து வீடுகள்ல ஃபுட்பால் பந்தயத்துல தோத்தாத்தானே பாதி மீசைய எடுப்பாக? நேத்து ஆம்பளை டீமுக்கு ஆட்டமே இல்லையே?"

ஜின்சனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கடைசி வரைக்கும் ஒருத்திகூடக் கீழ உருளல, பெர்சி. நம்ம பத்தாம் நம்பர் பொண்ணு பெனால்டிய வெளிய அடிச்சிட்டாளே!"