பல்லுத் தெரியாத படம்

“பல்லுத் தெரியக்கூடாது, அண்ணை. வெளிநாட்டுக் கொம்பனியளுக்குப் பல்லுப் பிடிக்காது.”

அனோஜன் வாயை இறுக்கிக்கொண்டு ஸ்ரூலில் நிமிர்ந்து இருந்தான். தோளில் ஸ்ரூடியோவின் கறுப்புக் கோட்டு. அவனைப்போல ரெண்டு பேருக்குக் காணும் கோட்டு என்பதால், முதுகுப் பக்கத்தை உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளால் இழுத்துப் பிடித்திருந்தது.

ஸ்ரூடியோக்காரர் தில்லைநாதனுக்கு இந்தப் பெடியனின் சங்கதி பிடிபடவேயில்லை. கலியாண வீடு, சாமத்திய வீடு என்று ஓடி ஓடிப் படமெடுத்த மனுசன் அவர். நாடியில் கையை வைக்கச் சொல்லி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியையும் விட்டால்தான் அவருக்கு அது படம்.

“நீர்வீழ்ச்சி வேண்டாம், அண்ணை. பின்னுக்கு வெறும் சாம்பல் நிறம் காணும்.”

“ரெண்டு அன்னம் விடட்டோ?”

“ஐயோ, ஒண்டும் வேண்டாம்!”

பெடியன் அந்தரப்பட்டதில் பிழையில்லை. யாழ்ப்பாண ரவுணில் வெள்ளைக்காரர் நடத்துகிற ஒரு கணினிக் கொம்பனி. அதில் வேலை கிடைத்தால் கொழும்பில் அறை எடுத்துக் கிடக்கவும் தேவையில்லை, கனடாவுக்குக் களவாய் ஏறவும் தேவையில்லை. ரவுணுக்குப் பக்கத்திலேயே கிடக்கிற கொழும்புத்துறையில் வீட்டுச் சோறு தின்றுகொண்டே சம்பளம் எடுக்கலாம். போனில் நடந்த இன்ரவியூ திறம். முடிவில்தான் மனேச்சர் பொன்னம்பலம் ஒரு சொல்லுச் சொன்னார்.

“தம்பி, உம்மடை லிங்டின் படத்தை மாத்தும். எங்கடை வெள்ளைக்காரர் முதல்ல அதைத்தான் பாப்பினம்.”

மாற்றாமல் என்ன செய்வது? வேலை தேடுகிறவைக்கான அந்தத் தளத்தில் கிடந்தது, ஆரோ ஒருத்தனின் மோட்டச்சைக்கிளில் கறுப்புக் கண்ணாடியோடு அவன் சாய்ந்து நின்ற படம். வேலை தேடுகிறவன் மாதிரியா இருந்தது? பொலிஸ் தேடுகிறவன் மாதிரி இருந்தது.

பிறகென்ன, யூரியூப்பே கதியென்று கிடந்து, ஆள் முகத்தைக் காட்டுவதில் பட்டப்படிப்பே முடித்துவிட்டான். நாடி எவ்வளவு தாழ வேணும், கண் எங்கே பார்க்க வேணும் எல்லாம் பாடம். பெரிய பெரிய முதலாளிமாரின் படங்களைப் பார்த்ததில் இன்னொரு சூக்குமமும் பிடிபட்டிருந்தது.

“அண்ணை, கடைசியில கலரை எடுத்துப்போட்டுக் கறுப்பு வெள்ளையாத் தாங்கோ.”

தில்லைநாதன் கணினியை விட்டுத் திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“வீட்டில பெரியாக்கள் ஆரும் உதுக்கு ஓம் எண்டவையோ, தம்பி?”

“அவைக்கு உதெல்லாம் விளங்காது, அண்ணை. உது புரபெசனல்.”

மனுசன் கணினிப் பக்கம் திரும்பினார். பருவைத் துடைத்தார், மூக்கை நேராக்கினார், காதுகளை உள்ளுக்குத் தள்ளினார். முடித்துக் காட்டியபோது அனோஜனுக்கே அனோஜனை மட்டுக்கட்ட முடியவில்லை. அடேயப்பா, என்ன மாதிரி ஒரு படம்! தன்னைப் பார்த்துத் தானே எழும்பி நிற்க வேணும் போல இருந்தது அவனுக்கு.

அடுத்த நாள் காலமை லிங்டின், பேஸ்புக், வட்ஸ்அப் ஒன்றையும் மிச்சம் விடவில்லை. கூடப் படித்த பெடியளுக்கும் அனுப்பி, போடச் சொன்னான். பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வெளிக்கிட்டுக்கொண்டு நின்ற அக்கா மதுஷாவும் தப்பவில்லை.

“அக்கா, உன்ரை ஸ்ரேற்றசிலயும் போடு. நாலு பேர் பாக்கட்டும்.”

“போட்டு என்னடா எழுதிறது?”

“ஒரு சொல்லும் எழுதாதை. படம்தான் கதைக்கவேணும்.”

அவளும் போட்டாள். போட்டுவிட்டு, போனைக் கைப்பைக்குள் தள்ளிக்கொண்டு பஸ்சுக்கு ஓடிவிட்டாள். அனோஜன் தன் போனை நிற்பாட்டி மேசையில் வைத்தான். பெரிய உத்தியோகத்தர்மார் படம் போட்ட கையோடு விழுந்தடித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டினமாம். அதுவும் யூரியூப் சொன்ன புத்திதான்.

மத்தியானம் அவன் கிணற்றடியில் தலைக்கு ஷாம்பு பூசிக்கொண்டு நிற்க, கேற்றடியில் வான் ஒன்று வந்து நின்றது. எட்டிப் பார்த்தான். வானில் கொம்பனியின் பெயர்! வெள்ளைச் சட்டை போட்ட மூன்று பேர் இறங்கினார்கள். படம் வேலை செய்திட்டுது! வீடு தேடி வந்து வேலை தருகிற கொம்பனியும் இந்த உலகத்தில் இருக்குதோ?

சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு நுரையோடு ஓடினான்.

“அனோஜன்ரை வீடு இதுதானே, தம்பி?” முன்னுக்கு நின்ற பெரியவர் கேட்டார். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, போனில் கதைத்த அதே பொன்னம்பலம்.

“ஓ... ஓம், சேர்.”

அவர் படியடியில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். மனேச்சர் எண்ட பெருமையே இல்லாத மனுசன், என்ன ஒரு மரியாதை என்று அனோஜன் உருகிப்போனான்.

“அருமையான பிள்ளை,” என்றார் பொன்னம்பலம். “வெள்ளைக்காரருக்கும் நல்லாப் பிடிச்சுக்கொண்டுது. திங்கட்கிழமை வரச்சொல்லிக் கடிதமும் அடிச்சு வைச்சனாங்கள்.”

சந்தோசத்தில் அனோஜனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நான்தான் சேர் அது என்று சொல்லத்தான் பார்த்தான், நா எழும்பினால்தானே.

பொன்னம்பலம் அவனுடைய ஈரத் தோளில் கையை வைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“பிரேதம் எப்ப வரும், தம்பி?”